வயிற்றோட்டக்காரப் பிள்ளைக்கும் சோறு வேண்டும்

பொகவந்தலாவை லயங்களில் பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டால் முதலில் நிறுத்தப்படுவது சாப்பாடு. "குடல் ஆறட்டும்" என்று வெறும் தேத்தண்ணி கொடுக்கிறோம். இடம்பெயர்ந்து வந்து உறவினர் காம்பராவில் ஒண்டியிருக்கும் குடும்பங்களிலும் இதே வழக்கம். தாய்மாரைக் குறைகூற மாட்டோம். பெரியவர்கள் காட்டிய வழி அது. ஆயினும் தவறான வழி.

1971இல் வங்காள எல்லையில் பொன்காவ் அகதி முகாமில் வாந்திபேதி கண்டவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் மடிந்தார்கள். டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. நம் 'ஜீவனி' பைக்கற்றும் அவ்வகையே. ஆனால் அது இழந்த நீரை மீட்கும். குடலின் உட்தோல் புதிதாய் வளர உணவே வேண்டும்.

தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. குழைந்த சோறு, பருப்பு, முட்டை, தயிர் கொடுக்கலாம். வாழைக்காயை மறவாதீர்கள். நாட்பட்ட வயிற்றோட்டமுள்ள குழந்தைகளுக்கு அவித்த வாழைக்காயைச் சோற்றுணவோடு கொடுத்தபோது விரைவில் தேறினர் என்று 2001இல் வெளியான பங்களாதேஷ் ஆய்வு காட்டியது. அதன் செரிக்காத மாப்பொருள் பெருங்குடலில் புளித்துக் குடற்சுவருக்கே உணவாகிறது. பழுத்துவிட்டால் அது சீனியாகிவிடும், காயாகவே அவியுங்கள்.

தேத்தண்ணி நாம் பறித்த கொழுந்துதான். என்றாலும் அது உணவிலுள்ள இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. சாப்பாட்டுக்கு ஈடும் ஆகாது.

ஆறு மாதம் கடந்த பிள்ளைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் சிங்க், 10 முதல் 14 நாட்களுக்கு என்பது 2004இல் உலக சுகாதார நிறுவனம் கூறியது. கிளினிக்கில் கேளுங்கள். சுகமான பின்னும் இரு வாரம் தினம் ஒரு வேளை கூடுதலாய் ஊட்ட வேண்டும். கொழுந்துக்குப் போகும் தாய்க்காக அதைப் பிள்ளைக் காம்பராவே ஏற்கட்டும் என்று கேட்போம். மலத்தில் இரத்தம் கண்டால் மட்டும் கஞ்சியை நம்பி வீட்டில் இருக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.