நடக்காத பிள்ளைக்கு பூட்ஸ் எதுக்கு?

தலைப்பைப் பார்த்துட்டு, "பேங்க்ல கணக்குப் பார்க்கிறவனுக்கு எலும்பு டாக்டர் வேலை எதுக்குய்யா?"ன்னு கேட்கப் போறீங்க. நியாயமான கேள்விதான். நான் படிச்சது பி.காம். ஆனா காசு எங்கே போகுது, போன காசுக்கு என்ன திரும்பி வருதுன்னு பார்க்கிறது என் பொழைப்பு. அந்தக் கணக்குல, லேட்டா நடக்கிற குழந்தைக்கு ‘ஆர்த்தோ ஷூ’ வாங்கறது வீண் செலவு. வீண் செலவு மட்டும்னா இவ்வளவு நீளமா எழுத மாட்டேன். சில குழந்தைங்க விஷயத்துல அது ஆபத்தான செலவு.

மஸ்கட்ல உட்கார்ந்திருக்கிற எனக்கு மூணாறுல இருந்து வர்ற போன்ல பாதி, "ஊருக்கு வரும்போது இதைக் கொண்டு வா"ங்கறதுதான். போன வருஷம் சித்தி மக பேசினா. "அண்ணே, பையனுக்கு 19 மாசம் ஆச்சு, இன்னும் நடக்கலை. பாதம் வேற தட்டையா இருக்கு. கணுக்கால் வரைக்கும் கெட்டியா புடிச்சுக்கிற பூட்ஸ் போட்டா நடந்துருவான்னு கடையில சொல்றாங்க. அங்கே நல்லதா கிடைக்குமாமே?"

"டாக்டர்கிட்ட காட்டினியாம்மா?"

"பூட்ஸ் போட்டுப் பார்த்துட்டு, அப்பறம் காட்டலாம்னு..."

இந்த ‘அப்பறம்’ மேலதான் எனக்குக் கோவம். அந்தப் பொண்ணு மேல இல்லை.

முதல்ல ஒரு சின்ன விஷயம். குழந்தை நடக்கிறது பாதத்தால மட்டும் இல்லை. மூளை, நரம்பு, தசை, இடுப்பு, பேலன்ஸ் எல்லாம் சேர்ந்து நடக்குது. பூட்ஸ் தொடறது பாதத்தையும் கணுக்காலையும்தான். கோளாறு மத்ததுல எங்கேயாவது இருந்தா பூட்ஸ் என்ன செய்யும்? கோளாறே இல்லேன்னா அதுக்கு வேலையே இல்லை. ஆக, பரிசோதனை இல்லாம பூட்ஸ் வாங்கறது, சொத்துப் பத்திரத்தைப் பிரிச்சுக்கூடப் பார்க்காம லோன் சாங்ஷன் பண்ற மாதிரி. எங்க தொழில்ல இதுக்கு சஸ்பென்ஷன் கிடைக்கும்.

சரி, எத்தனை மாசத்துல நடக்கணும்? உலக சுகாதார நிறுவனம் இந்தியா, ஓமன், கானா, நார்வே, அமெரிக்கான்னு அஞ்சு நாட்டுக் குழந்தைங்களைத் தொடர்ந்து கவனிச்சு 2006-ல கணக்கு வெளியிட்டாங்க (தெற்கு டெல்லி, மஸ்கட் பிள்ளைங்களும் அதுல உண்டு). ஆரோக்கியமான குழந்தைங்க தனியா நடக்க ஆரம்பிச்சது 8.2 மாசத்துல இருந்து 17.6 மாசத்துக்குள்ள. எவ்வளவு பெரிய இடைவெளி பாருங்க! பக்கத்து லயத்துப் பிள்ளை 10 மாசத்துல ஓடுதேன்னு, 14 மாசப் பிள்ளைக்கு பூட்ஸ் தேடறதுல அர்த்தமே இல்லை. ஆனா 18 மாசம் முடிஞ்சும் தனியா நடக்கலேன்னா, குழந்தை டாக்டர்கிட்ட போயே ஆகணும். குறைமாசத்துல பிறந்த பிள்ளைன்னா அந்த மாசங்களைக் கழிச்சுக் கணக்குப் போடுவாங்க. அதையும் டாக்டர்தான் போடணும், செருப்புக்கடைக்காரர் இல்லை.

"பாதம் தட்டையா இருக்கே?" இருக்கட்டும். அந்த வயசுல எல்லாப் பிள்ளைக்கும் உள்ளங்கால்ல கொழுப்பு இருக்கும், தட்டையாத்தான் தெரியும். வளைவு அஞ்சாறு வயசு வரைக்கும் மெதுவா உருவாகும். இதைப் பூட்ஸ் சரிபண்ணுமான்னு அமெரிக்காவுல வெங்கர்ங்கற எலும்பு டாக்டரும் கூட்டாளிகளும் சோதிச்சாங்க. தட்டைப் பாதக் குழந்தைங்களைப் பிரிச்சு, சிலருக்கு விசேஷ ஷூ, சிலருக்கு உள்ள வைக்கிற அட்டை, சிலருக்கு ஒண்ணுமே இல்லைன்னு மூணு வருஷம் பார்த்தாங்க. 1989-ல முடிவு வந்தது: எல்லாக் குரூப்லயும் பாதம் தானா தேறிச்சு, ஷூவால எந்த வித்தியாசமும் இல்லை.

"எங்க பிள்ளை பூட்ஸ் போட்ட ரெண்டே மாசத்துல நடந்தானே"ன்னு சொல்றவங்களுக்கும் இதே பதில்தான். போடலேன்னாலும் அந்த ரெண்டு மாசத்துல நடந்திருப்பான். பேர் வாங்கிக்கிட்டது பூட்ஸ்.

வெள்ளைக்காரன் ஆராய்ச்சி வேண்டாமா? நம்ம பக்கமே இருக்கு. மணிப்பால்ல ராவ், ஜோசப்னு ரெண்டு டாக்டர்கள், 4 முதல் 13 வயசு வரைக்கும் 2300 பிள்ளைங்களோட கால்தடத்தை எடுத்துப் பார்த்து 1992-ல எழுதினாங்க. செருப்பு, ஷூ போடற பிள்ளைங்கள்ல தட்டைப் பாதம் 8.6 சதவீதம். வெறுங்கால்ல திரியற பிள்ளைங்கள்ல 2.8 சதவீதம். விரலை மூடற ஷூ போட்டவங்களுக்குத்தான் ரொம்ப அதிகம். தட்டைப் பாதத்துக்குப் பயந்து கெட்டி ஷூ மாட்டறோம், கணக்கு நேரெதிரா நிக்குது!

இப்ப விஷயத்துக்கு வர்றேன். "போட்டுத்தான் பார்ப்போமே, நஷ்டம் என்ன?"ங்கறாங்க. நஷ்டம் நாள்கள்தான்.

இடுப்பு மூட்டு விலகியிருக்கிற குழந்தைக்கு வலி இருக்காது, அழாது. பிறந்த ஆறு மாசத்துக்குள்ள கண்டுபிடிச்சா பெரும்பாலும் ஒரு வார்ப்பட்டையே போதும். நடக்கிற வயசைத் தாண்டினா ஆபரேஷன், மாவுக்கட்டு. வைட்டமின் டி குறைஞ்சு எலும்பு மெலியறதும் நடையைத் தள்ளிப்போடும். மருந்துல தீர்ற விஷயம். தைராய்டு குறைவு இருந்தா மாத்திரை, ஆனா தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாசமும் மூளை வளர்ச்சிக்கு இழப்பு. டூசென் தசைநோய் அபூர்வம்தான், ஆண்பிள்ளைங்கள்ல சுமார் அஞ்சாயிரத்துக்கு ஒருத்தர். ஆனா அதுலயும் முதல் அறிகுறி லேட்டா நடக்கிறதா இருக்கலாம். சி.கே.ங்கற ஒரு ரத்தப் பரிசோதனையில சந்தேகம் தெரிஞ்சுடும். வழக்கமா நாலஞ்சு வயசுலதான் கண்டுபிடிக்கிறாங்க. அது பரம்பரையா வரக்கூடியது, அதுக்குள்ள அந்தம்மா அடுத்த பிள்ளையைப் பெத்திருப்பாங்க. இவ்வளவையும் ஒரு ஜோடி பூட்ஸ் மூடி மறைச்சுடும்.

டாக்டரே பார்த்து, பிறவியில வளைஞ்ச பாதத்துக்கோ மூளை முடக்குவாதத்துக்கோ பிரேஸ், ஸ்ப்ளிண்ட் எழுதிக் கொடுத்தா அது வேற. அதை ஒருநாள்கூட விடாம மாட்டணும். நான் சொல்றது சீட்டே இல்லாம கடையில வாங்கற பூட்ஸை.

2019 டிசம்பர் சூரிய கிரகணத்தன்னிக்குக் கர்நாடகாவுல கல்புர்கி பக்கம், ஊனமுற்ற பிள்ளைங்களைக் கழுத்தளவு மண்ணுல புதைச்சு வச்ச படத்தைப் பார்த்து எல்லாரும் ‘ச்சீ’ன்னோம். அந்தப் பெத்தவங்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அவங்க மண்ணை நம்பினாங்க, நாம தோலையும் ரப்பரையும் நம்பறோம். அவங்க காசாவது மிச்சம்.

காசுன்னதும் இன்னொண்ணு. 2015-ல பெண்பிள்ளை ஒருமைன்னு நம்ம அம்மா, அக்காமார் மூணாறு ரோட்டுல உட்கார்ந்தப்போ நாள்கூலி 232 ரூபா. அத்தனை போராடி அது 301 ஆச்சு. அப்படிப் போராடி வாங்கின கூலியை, ஒரு ஆராய்ச்சியும் நிக்காத பூட்ஸுக்கா கொடுக்கிறது? அதே காசு போடி மெட்டு இறங்கி தேனி மெடிக்கல் காலேஜுக்கோ, அடிமாலி வழியா கோட்டயத்துக்கோ போய்வர பஸ் சார்ஜ். ஒருநாள் கூலி போகும், ஒத்துக்கிறேன். 2013-ல ஆரம்பிச்ச ஆர்.பி.எஸ்.கே. திட்டத்துல குழந்தைங்களோட வளர்ச்சிக் குறைபாட்டை இலவசமாப் பார்க்கிறாங்க. அங்கன்வாடி டீச்சர்கிட்டயோ ஆஷா அக்காகிட்டயோ கேளுங்க, வழி சொல்வாங்க.

பாட்டி கையில இருக்கிற நடைவண்டியைத் தூக்கி எறியச் சொல்லலை. அதுல பிள்ளை தன் கால்ல நின்னு தள்ளுது, பக்கத்துல பெரியவங்க நின்னா போதும். உட்கார வச்சு உருட்டற வாக்கர்தான் வேண்டாம், கனடாவுல அதை 2004-லயே தடை பண்ணிட்டாங்க. வீட்டுக்குள்ள வெறுங்கால். வெளியே குளிரு, அட்டை, கண்ணாடித் துண்டு, கொக்கிப்புழு எல்லாம் இருக்கு, அதனால மெத்துன்னு வளையற செருப்பு போடுங்க. அது பாதுகாப்புக்கு, வைத்தியத்துக்கு இல்லை.

18 மாசம் வரைக்கும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. 9 மாசம் தாண்டியும் தனியா உட்காரலை, ஒரு வயசாகியும் பிடிச்சுக்கிட்டு நிக்கலை, ஒரு பக்கக் கையையோ காலையோ மட்டும் உபயோகிக்குது, சாய்ஞ்சு சாய்ஞ்சு நடக்குது, தெரிஞ்சதை மறந்து பின்னாடி போகுது. இதுல ஒண்ணு இருந்தாலும் அந்த வாரமே காட்டணும்.

சித்தி மகளுக்கு நான் பூட்ஸ் அனுப்பலை, பஸ் செலவுக்குப் பணம் அனுப்பினேன். ரெண்டு நாள் பேசலை. மூணாவது நாள் ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணினா. டாக்டர் இடுப்பை விரிச்சுப் பார்த்தாராம், ரத்தம் எடுத்தாராம். ரிசல்ட் அவங்க வீட்டு விஷயம், இங்கே எழுத மாட்டேன்.

வளைகுடாவுல இருந்து ஊருக்குப் பெட்டி கட்ற அண்ணன்மாரே, மாமன்மாரே! பூட்ஸ் கேட்டா "எத்தனாம் நம்பர் சைஸ்?"னு கேட்காதீங்க. "எத்தனை மாசம்? யார்கிட்ட காட்டினீங்க?"ன்னு கேளுங்க. கோவிச்சுக்குவாங்க. கோவிச்சுக்கிட்டாப் பரவாயில்லை.