ஒருவர் இறங்கினால்...

பொன்முகலி என்றதும் தமிழர்களுக்குக் கண்ணப்பர் நினைவுக்கு வருவார். ஆந்திராவில் அதற்கு ஸ்வர்ணமுகி என்று பெயர். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் அது வெறும் மணல்தான். சந்திரகிரிப் பக்கம் சைக்கிளில் வருகிறவர்கள் ஓர் ஆற்றைத் தாண்டியதைக் கவனிக்காமலே போய்விடுவதுண்டு.

2021 நவம்பரில் அந்த மணல் ஆறு தன்னைக் கவனிக்க வைத்தது. திருப்பதி தெருக்கள் மூழ்கின. கல்யாணி அணையின் மதகுகள் திறக்கப்பட்டன. திருமலைக்குப் போகும் மலைப்பாதைகள் மூடப்பட்டன. சந்திரகிரிக்குப் பக்கத்தில் ஸ்ரீநிவாச மங்காபுரத்தை ஒட்டி ஏறும் ஸ்ரீவாரி மெட்டு படிப்பாதை சிதைந்து, 2022 மே மாதம்தான் மீண்டும் திறந்தது.

இதில் ஒரு சங்கடம். வெயில் தணியும் இந்த மாதங்களுக்காகத்தான் நெடுந்தூர சைக்கிள் குழுக்களும் காத்திருக்கின்றன. அவர்களுக்குப் பிடித்தது ‘பிரெவே’. பாரிஸில் உள்ள ஆடாக்ஸ் கிளப் வகுத்த விதிகளின்படி, இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா ராண்டனியர்ஸ் நடத்தும் ஓட்டம் இது. 200 கி.மீட்டருக்கு பதிமூன்றரை மணி நேரம், 300 கி.மீட்டருக்கு 20 மணி நேரம். போட்டி அல்ல; முதலில் வந்தவருக்குப் பரிசு கிடையாது. ஆனால் கடிகாரம் உண்டு. வழியில் உள்ள ஒவ்வொரு நிலையத்துக்கும் கெடு உண்டு.

வெறும் மழை என்றால் சமாளிக்க வழி இருக்கிறது. வெயில் நாளில் முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டியே ஓட்டினால் எதிர்க்காற்று தெரியாது. மழையில் அதே சக்கரம் முகத்தில் சேற்றை அடிக்கும். ரிம் பிரேக்கைப் பிடித்தால், கட்டை முதலில் தண்ணீரைத் துடைத்து, அப்புறம்தான் சக்கரத்தைப் பிடிக்கும். எனவே இடைவெளி வேண்டும். டயரில் கொஞ்சம் காற்றைக் குறைக்கலாம். சாலையின் வெள்ளைக் கோடுகள் வழுக்கும், அவற்றின் மேல் திரும்பக் கூடாது. பழகியவர்களுக்கு இதெல்லாம் அத்துபடி.

வெள்ளம் வேறு சமாச்சாரம். தரைப்பாலத்தின் மேல் பழுப்பு நிறத்தில் தண்ணீர் ஓடும்போது அடியில் சாலை இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்று தெரியாது. வேகமாக ஓடும் அரை அடித் தண்ணீரே வளர்ந்த ஆளைக் கீழே தள்ளிவிடும். நீரின் வேகம் இரட்டிப்பானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். இறங்கித் தள்ளிக்கொண்டு போனாலும் ஆபத்து குறைவதில்லை. கையில் இருக்கும் சைக்கிள் ஆளையும் சேர்த்து இழுக்கும். மழை விட்டுவிட்டதே என்ற சமாதானமும் இங்கே செல்லாது. சேஷாசல மலையில் பெய்தது கீழே வந்து சேர நேரமாகும். சந்திரகிரியில் வானம் வெளுத்த பிறகும் ஆறு ஏறிக்கொண்டிருக்கலாம்.

இது தெரிந்தவர்களும் இறங்குகிறார்கள். காரணம், கூட்டம். தனியாக வந்தவர் கரையில் நின்று யோசிப்பார். பத்துப் பேர் வந்தால், யாராவது ஒருவர் இறங்கினால் போதும். மற்ற ஒன்பது பேருக்கும் தண்ணீரைவிட வெட்கம் பெரிதாகிவிடும். அடுத்த நிலையம் மூடும் நேரமும் பின்னாலிருந்து தள்ளும். சுற்றுவழி முப்பது கி.மீ. என்றால் பயமே போய்விடும்.

பின்வாங்குவது கேவலம் அல்ல. உலகின் மிகப் பழைய நெடுந்தூர ஓட்டங்களில் ஒன்றான பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ், 1,200 கி.மீ. தூரம். 2007இல் விடாமல் அடித்த மழையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதைப் பாதியில் விட்டார்கள். பல வருடங்கள் பயிற்சி எடுத்தவர்களும் அவர்களில் உண்டு.

எனவே குழுக்கள் ஒரு விதியைப் புறப்படும் இடத்திலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது. தண்ணீர் ஓடும் பாலத்தில், வேகமாக ஓட்டுகிறவரின் பேச்சு எடுபடக் கூடாது. கடைசியில் வருகிறவர் ‘வேண்டாம்’ என்றால் எல்லோரும் திரும்ப வேண்டும். காரணம் கேட்கக் கூடாது, கேலி செய்யக் கூடாது. கார்டில் ஒரு முத்திரை விழாமல் போகும். அவ்வளவுதான். அடுத்த மாதம் இன்னொரு கார்டு வாங்கிக்கொள்ளலாம். பொன்முகலியும் அதற்குள் மறுபடி மணலாகியிருக்கும்.