இந்த மருந்துக்குக் கையெழுத்து வேண்டாம்

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம். துப்பாக்கி என்றாலே நம்ம மக்கள் ரெண்டு கட்சியாகப் பிரிந்து சண்டைக்கு வந்துடுவாங்க. நான் அந்தச் சண்டைக்கு வரலை. இது தோட்டா பற்றிய பதிவு மட்டும்தான்.

போன ஜனவரியில் வீட்டில் எல்லாருக்கும் சளி. மூக்கடைப்புக்கு மாத்திரை வாங்கப் போனேன். சூடோஎபிட்ரின் இருக்கிற மாத்திரையை அலமாரியில் வைக்க மாட்டார்கள், கவுண்ட்டருக்குப் பின்னால்தான் இருக்கும். டிரைவிங் லைசென்ஸைக் கொடுத்து, பெயர் முகவரி பதிவாகி, கையெழுத்துப் போட்டால்தான் கிடைக்கும். போதைப்பொருள் காய்ச்சுகிறவர்களைத் தடுக்க 2006-ல் வந்த சட்டம். ஒரு நாளைக்கு 3.6 கிராமுக்கு மேல் தர மாட்டார்கள். சரி, நியாயம்தான்.

அதே தெருவில் நாலு கடை தள்ளி விளையாட்டுச் சாமான் கடை. அங்கே 9எம்எம் தோட்டா ரெண்டு டப்பா, ஒரு பவுண்டு வெடிமருந்து, ஆயிரம் ப்ரைமர் வாங்கினேன். கடைக்காரப் பையன் நரைத்த என் தலையைப் பார்த்து வயசைக்கூடக் கேட்கலை. "பை வேணுமா"ன்னு மட்டும் கேட்டான். அந்த மருந்துக்குக் கையெழுத்து, இந்த மருந்துக்கு வேண்டாம். டெக்சாஸ் வாழ்க!

துப்பாக்கி வாங்கும்போது இப்படி இல்லை. 4473 என்று ஒரு படிவம் நிரப்பணும், பின்னணி விசாரணை உண்டு. தோட்டாவுக்கு மத்திய சட்டத்தில் அது கிடையாது. லைசென்ஸ் உள்ள வியாபாரி கைத்துப்பாக்கித் தோட்டாவை 21 வயசுக்குக் கீழே உள்ளவருக்கும், ரைபிள், ஷாட்கன் தோட்டாவை 18-க்குக் கீழே உள்ளவருக்கும் விற்கக்கூடாது, அவ்வளவுதான். 1968 சட்டத்தில் யாருக்கு எத்தனை விற்றோம் என்று நோட்டில் எழுதி வைக்கும் வழக்கம் இருந்தது. 1986-ல் அதை எடுத்துட்டாங்க. மாநிலத்துக்கு மாநிலம் கதை மாறும். இல்லினாய்ஸில் தனி அட்டை வேணும். நியூயார்க்கில் 2023 செப்டம்பரிலிருந்து தோட்டாவுக்கே விசாரணை. கலிபோர்னியாவில் 2019 ஜூலையில் ஆரம்பித்தார்கள், அன்றிலிருந்து அது கோர்ட்டில் இழுபடுகிறது.

கலிபோர்னியா மாதிரி எல்லா இடத்திலும் செய்யலாமே என்று கேட்பீர்கள். அங்கே நடந்த கூத்து, தகுதியுள்ள ஆட்களே பேரும் முகவரியும் ஆவணத்தில் பொருந்தலைன்னு திருப்பி அனுப்பப்பட்டதுதான். இனிஷியலா, அப்பா பேரா, கடைசிப் பேரான்னு பாஸ்போர்ட்டில் ஒன்று, லைசென்ஸில் ஒன்று வைத்திருக்கிற நமக்கு இந்த வலி புரியும் :-) அதனால் நான் கேட்கிறது அவ்வளவு பெரிசு இல்லை. துப்பாக்கிப் படிவத்தில் இருக்கிற "உனக்குத் தடை ஏதாவது உண்டா" என்ற கேள்விகளை ஒரு பலகையில் எழுதிக் கல்லாவில் மாட்டுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதல் தடவை அந்த அலமாரி முன்னால் நிற்கிறவனுக்குத் தலை சுற்றும். 9எம்எம் லூகர், 9x19, பாரபெல்லம் எல்லாம் ஒரே தோட்டாவுக்கு வெவ்வேறு பேர். 9எம்எம் மகரோவ் வேற. .380 என்று எழுதியிருக்கிற குட்டித் தோட்டாவுக்கு 9எம்எம் குர்ட்ஸ் என்றும் பேர் உண்டு. துப்பாக்கிக் குழலில் பொறித்திருப்பதும் டப்பாவில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்காமல் காசு கொடுக்காதீங்க. ".300 பிளாக்அவுட்" தோட்டா .223 ரைபிளில் சமர்த்தாக உள்ளே போய் உட்காரும். சுட்டால் ரைபிள் வெடிக்கும். கல்லாவில் நிற்கிற பையன் இதைச் சொல்வான்னு எதிர்பார்க்க முடியாது.

இனி ரீலோடிங். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, மறுபடி மருந்து கெட்டித்து, புதுத் தோட்டா ஆக்குவது. நாம பொதுவாக முழுசையும் புல்லட் என்கிறோம். உண்மையில் நுனியில் பறக்கிற குண்டு மட்டும்தான் புல்லட். மற்றது கூடு, உள்ளே மருந்து, அடியில் பொட்டு மாதிரி ப்ரைமர். தீபாவளிக்குச் சுடுவோமே பொட்டு வெடி, அதன் பெரியண்ணன். அமெரிக்கக் கூடுகளில் பெரும்பாலும் பாக்ஸர் வகை ப்ரைமர், எளிதாகத் தட்டி எடுத்து மாற்றலாம். பாக்ஸர் ஒரு பிரிட்டிஷ்காரர். பெர்டான் என்கிற அமெரிக்கர் கண்டுபிடித்த வகையோ ஐரோப்பாவில்தான் ஓடியது. மாப்பிள்ளையை மாற்றிக் கட்டிவிட்ட கதை.

"காசு மிச்சம் ஆகும்"னு சொல்லித்தான் எல்லாரும் இதில் இறங்குகிறோம். நானும் வீட்டில் அப்படிச் சொல்லித்தான் அனுமதி வாங்கினேன். கணக்கைப் பாருங்கள். நான் கடைசியாக வாங்கிய விலையில் 50 தோட்டா டப்பா 14 டாலர், ஒன்று 28 சென்ட். நானே செய்தால் ப்ரைமர் ஏழரை சென்ட், குண்டு பத்தரை. மருந்து ஒரு பவுண்டு 38 டாலர், அதில் 7000 கிரெய்ன். தோட்டாவுக்குச் சுமார் 5 கிரெய்ன் என்று வைத்தால் மூணு சென்ட்டுக்குக் கொஞ்சம் கீழே. (இது விலைக் கணக்குக்கு மட்டும். அளவை மருந்துக் கம்பெனியின் கையேட்டில்தான் பார்க்கணும், என் பதிவில் இல்லை.) கூடு இலவசம். மொத்தம் 21 சென்ட், மிச்சம் ஏழு. அழுத்தும் பிரஸ், தராசு, டை, கூடு கழுவும் இயந்திரம் எல்லாம் சேர்த்து எனக்கு 450 டாலர் ஆச்சு. அந்த முதலை எடுக்கவே 6400 தோட்டா செய்யணும். மாசம் நூறு சுடுகிறவனுக்கு அஞ்சு வருஷத்துக்கு மேல். அதோடு நாம செஞ்சதாச்சேன்னு மாசம் இருநூறு சுட ஆரம்பிப்போம். மிச்சமாவது மண்ணாவது.

தட்டுப்பாடு வந்தால் கை கொடுக்குமே என்பார்கள். 2020-21-ல் பார்த்தோமே. கடையில் தோட்டா இல்லாத அன்று ப்ரைமரும் இல்லை. அமெரிக்காவில் ப்ரைமர் செய்யும் பெரிய பேர்கள் நாலுதான்: சிசிஐ, பெடரல், ரெமிங்டன், வின்செஸ்டர். இதில் முதல் மூன்றும் 2024 நவம்பரிலிருந்து ஒரே செக் கம்பெனியின் கையில். பொட்டு கிடைக்கலைன்னா உங்க பட்டறை வெறும் மேஜைதான்.

பின்னே ஏன் செய்யறேன்? பிடிச்சிருக்கு. வாரம் முழுக்க ஸ்கிரீனைப் பார்த்த கண்ணுக்குப் பித்தளை நல்லா இருக்கு. வேறு காரணம் இல்லை. ரைபிளில் குறி பார்த்துச் சுடுகிறவர்களும், கடையில் கிடைக்காத பழைய வகைத் தோட்டா தேடுகிறவர்களும் வேறு காரணம் சொல்வார்கள், அது உண்மையும்கூட.

ஆனால் ஒன்று. ஒரு ஞாயிறு காலை, ஐம்பது குழி உள்ள பலகையில் கூடுகளை நிறுத்தி ஒவ்வொன்றாக மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா போன். பேசிட்டே கை தன் வேலையைப் பார்த்தது. பேசி முடிச்சு டார்ச் அடித்துப் பார்த்தால் மூணாவது வரிசையில் ஒரு கூட்டில் மட்டும் மட்டம் மேலே நிற்குது. ரெண்டு முறை போட்டிருக்கேன். கைத்துப்பாக்கிக் கூட்டில் மருந்து பாதிகூட வராது, அதனால் இரட்டை அளவும் சத்தமில்லாமல் உள்ளே அடங்கிடும். அதைச் சுட்டிருந்தால் துப்பாக்கி கையிலேயே வெடிச்சிருக்கும். மறந்துபோய் மருந்தே போடாமல் விட்டாலும் ஆபத்துதான். ப்ரைமரின் உதையில் குண்டு பாதிக்குழலில் சிக்கும், அடுத்ததைச் சுட்டால் குழல் கிழியும். ஐம்பதையும் திருப்பிக் கொட்டிட்டு அன்றைக்குக் கடையைக் கட்டினேன். இப்போ போன் அடுத்த அறையில். மேஜையில் ஒரே ஒரு மருந்து டப்பா. முடிச்சதும் சோப்பு போட்டுக் கை கழுவல், ப்ரைமரில் ஈயம் இருக்கு. பையன் அந்த அறைக்கு வரக்கூடாது. போனை வேறு அறையில் வைக்க முடியாத ஆள் என்றால், தயவுசெய்து கடையிலேயே வாங்கிக்கோங்க.

இப்போ அந்தப் பலகை விஷயம். எங்க ஆபீஸில் ஒரு தம்பி, எச்1பி விசா. ஒரு வாரக்கடைசியில் நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுட்டு, மிச்சமான அரை டப்பா தோட்டாவைக் காரிலேயே போட்டு வெச்சிருந்தான். "அண்ணே, கடையிலதான் வாங்கினேன், ஒண்ணுமே கேட்கலையே" என்றான். கேட்க மாட்டாங்க. ஆனால் எச்1, எல்1, எஃப்1 மாதிரித் தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். 2022-லிருந்து அதிகபட்சம் 15 வருஷச் சிறை. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துக் கையில் பிடிப்பதும் வைத்திருப்பதுதான். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு, அதைச் சில டாலரில் வாங்கிடலாம், ஆனால் அது தெரிஞ்சு வாங்கணும். இன்னொரு கூத்து: சட்டத்தின் விளக்கத்தில் தோட்டா என்றால் முழுத் தோட்டா மட்டும் இல்லை. கூடு, ப்ரைமர், குண்டு, மருந்து, இதில் எது தனியாக இருந்தாலும் தோட்டாதான். நினைவுக்குன்னு தரையிலிருந்து பொறுக்கின காலிக் கூடும் அதில் அடக்கம். ஆயுத வழக்கில் தண்டனை ஆனால் நாடு கடத்தவும் காரணமாகும். பச்சை அட்டைக்காரருக்கு இந்த விசாத் தடை இல்லை. நான் வக்கீல் இல்லை, சந்தேகம் இருந்தால் ஒரு வக்கீலைக் கேளுங்க.

பாவம் தம்பிக்கு முகமே வெளுத்துடுச்சு. அறிவுரை சொன்ன நான் யோக்கியனா? ரெண்டு வருஷம் முன்னால் சென்னைக்குக் கிளம்ப ரெண்டு நாள் இருக்கும்போது, முதுகுப்பையின் சைடு ஜிப்பில் சார்ஜர் தேடிய என் மனைவி கையில் ஒரு 9எம்எம் தோட்டா வந்துச்சு. ரேஞ்சுக்குக் கொண்டுபோகிற அதே பை. பையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டாவால் நம்மூர் விமான நிலையத்தில் ஆயுதச் சட்டத்தில் மாட்டியவர்கள் செய்தியில் அப்பப்போ வருவாங்க. "தெரியாமல் வந்துடுச்சு சார்"னு அவங்க சொல்றதைப் படிச்சு எத்தனை தடவை சிரிச்சிருக்கேன்.

இப்போ ரேஞ்சுக்குத் தனிப் பை, சிவப்பு நிறம், காரிலிருந்து நேரா பூட்டுகிற அலமாரிக்கு. நூறு கொண்டு போனால் நூறு கூடு திரும்பணும், இல்லைன்னா சுடாத தோட்டாவோடு சேர்த்து நூறு வரணும். வாசலில் செருப்பைக் கழட்டும்போதே மனைவி கேட்கிற முதல் கேள்வி, "எண்ணிட்டீங்களா?"

போன வாரம் 99.

ஒரு மணி நேரம் தேடினோம். சட்டைக் காலருக்குள் போய் விழுந்திருந்தது.