மாமாவின் பத்மினியும் 70 வளைவுகளும்

கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியாகப் போனவர்களுக்கு அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதில் ஏறி நடுவில் நின்றுபோகும் வண்டிகளில் பாதி எங்க மாமாவோடதுதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு :) 1974 மாடல் பிரீமியர் பத்மினி. 1089 சிசி, கார்புரேட்டர். கோடையில் நாற்பதாவது வளைவு தாண்டினால் இருமும், அப்புறம் நிற்கும். மாமா இறங்கி பானெட்டைத் திறந்து, பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு ஒரு டீ குடிக்கும் நேரம் உட்கார்ந்திருப்பார். வண்டி மறுபடி கிளம்பும்.

ஜாலியாகத்தான் இருந்தது, அத்தையை மாதாமாதம் நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆரம்பிக்கும் வரை. இப்போ யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"கார்புரேட்டரைத் தூக்கிப்போட்டுட்டு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் போட்டுடுங்க மாமா" என்று முதலில் சொன்ன மேதாவி நான்தான். நாலு மாதம் படித்துவிட்டு, இப்போ வேண்டாம் என்று சொல்வதும் நானே. ஏன் என்று சொல்கிறேன்.

இன்ஜெக்‌ஷனில் நன்மை இல்லாமல் இல்லை. கார்புரேட்டர் ஒரு அப்பாவி. உள்ளே போகும் காற்றின் வேகத்தை வைத்துத்தான் பெட்ரோலை உறிஞ்சவிடும். காற்று எவ்வளவு அடர்த்தி என்று அதற்குத் தெரியாது. ஆயிரம் மீட்டருக்கு மேல் காற்றின் அடர்த்தி சுமார் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. பெட்ரோல் அதே அளவுக்குக் குறைவதில்லை. அதனால் மலைமேல் கலவையில் பெட்ரோல் தூக்கலாகி, பிளக்கில் கரி பிடிக்கிறது. இன்ஜெக்‌ஷனில் அழுத்தம் அளக்க ஒரு சென்சார், புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனைப் பார்க்க இன்னொன்று. கம்ப்யூட்டர் தானே சரிசெய்துகொள்ளும்.

இப்போ பங்கில் வரும் இ20 பெட்ரோல் வேறு. எத்தனாலில் ஏற்கெனவே ஆக்ஸிஜன் இருப்பதால் கலவையை நேர்மாறாக மெலிய வைக்கிறது. ஆக, மலைமேல் இரண்டும் ஓரளவு சமனாகி, கீழே நாமக்கல்லில்தான் வண்டி தகராறு செய்யும். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு நோபல் கிடைத்த மாதிரி இருந்தது. மாமா "சரி, சாப்பிடு" என்றார்.

காலமும் அந்தப் பக்கம்தான் போயிருக்கிறது. அம்பாசடரே கடைசிக் காலத்தில் எம்பிஎஃப்ஐ ஆனது. 2020ல் பிஎஸ்6 வந்தபோது புல்லட் 350-க்கும் கார்புரேட்டர் போய்விட்டது. ஆனால் அதெல்லாம் கம்பெனியே செய்தது. நாம் செய்ய வேண்டுமென்றால் 3 பார் அழுத்தம் தரும் பம்ப், டேங்குக்குத் திரும்பும் லைன், இன்ஜெக்டர்கள், த்ராட்டில் பாடி, கிராங்க் சென்சார், ஈசியு, டைனமோ வண்டியாக இருந்தால் ஆல்டர்னேட்டரும். அமெரிக்காவில் போல்ட் போட்டு மாட்டும் ரெடிமேட் கிட்டுகள் உண்டு, பெரும்பாலும் பெரிய வி8 இன்ஜின்களுக்கு. பத்மினிக்கு வேறு வண்டியின் சாமான்களை வைத்துத்தான் ஒட்டுப்போட வேண்டும்.

நான் பிகாம் ஆசாமி, கணக்குப் போடாமல் இருக்க முடியாது. செலவு ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 3,000 கி.மீ. லிட்டருக்கு 12 கொடுப்பது 14 ஆனால் மிச்சம் 36 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 3,600 ரூபாய். போட்ட பணம் திரும்ப ஏறக்குறைய 28 வருஷம். மாமாவுக்கு அப்போ 90 தாண்டியிருக்கும்.

பணத்தை விடுங்கள். சட்டமும் இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2021ல் வந்த விண்டேஜ் விதிப்படி 50 வயது தாண்டிய வண்டிக்கு 'விஏ' நம்பர் வாங்கலாம், ஆனால் இன்ஜினில் மாற்றம் செய்திருக்கக் கூடாது. அந்த நம்பர் வாங்கினால் தினசரி ஓட்ட முடியாது என்பதால் மாமாவுக்கு அது வேண்டாம். என்றாலும் நாளைக்கு விற்க நினைத்தால் அந்தக் கதவு சாத்தியிருக்கும்.

என்னை மாற்றியது இது எதுவுமில்லை, ஒரே ஒரு கேள்விதான். 43வது வளைவில் ஈசியு செத்துப்போனால் யார் பார்ப்பது? கார்புரேட்டர் என்றால் ஜெட்டை ஊதிவிட்டு மாட்ட செம்மேட்டில் ஆள் உண்டு. சென்சார் கோளாறுக்கு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு கீழே போக வேண்டும், அத்தை பின் சீட்டில்.

யோசித்துப் பார்த்தால் ஈரத்துணி போட்டதும் கிளம்புகிறது என்றால் குற்றவாளி கார்புரேட்டரே இல்லை. மெதுவாக ஏறும்போது காற்றோட்டம் இல்லாமல், சூடான இன்ஜினோடு ஒட்டியிருக்கும் பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. பம்பால் ஆவியை உறிஞ்ச முடிவதில்லை. இதற்கு இன்ஜெக்‌ஷன் வேண்டாம். டேங்க் பக்கத்தில், கார்புரேட்டர் தாங்கும் 0.2, 0.3 பார் அழுத்தத்துக்கு ஒரு சின்ன எலக்ட்ரிக் பம்ப் போதும். பின்னாலிருந்து தள்ளிவிடும். இன்ஜின் நின்றால் பம்பும் நிற்க ஒரு ரிலே கட்டாயம், இல்லாவிட்டால் விபத்தில் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். கூடவே எத்தனால் தாங்கும் ரப்பர் குழாய்கள். எல்லாம் சில ஆயிரத்தில் முடிந்தது, கழற்றினால் பழையபடி ஆகிவிடும்.

போன மாதம் மாட்டினோம். இரண்டு முறை ஏறியாயிற்று, நிற்கவில்லை. ஆடி 18 கூட்டத்தில் ஊர்ந்து ஏறினால்தான் உண்மை தெரியும். மாமா ஈரத்துணியை இன்னும் டிக்கியிலிருந்து எடுக்கவில்லை.