ஆபர் லெட்டருக்கு முன் ஒரு எக்ஸெல் பைல்

சேலம், நாமக்கல் பக்கம் பல வீடுகளில் கம்ப்யூட்டர் வாங்குவதே பிள்ளைக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான். வாங்கிய ஒரு வாரத்தில் வேலை தேடும் தளங்களில் பெயரைப் பதிந்து, ரெஸ்யூமை ஏற்றிவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அதற்கு முன் அதே கம்ப்யூட்டரில் அரை மணி நேரத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வேலையிலிருந்து நமக்கு என்ன வேண்டும் என்று எழுதி வைப்பதுதான் அது.

"சம்பளம்தான் வேண்டும், இதில் எழுத என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நம் ஊர் கல்யாண வீடுகளிலும் "தம்பி, மாசம் எவ்வளவு வருதுங்க?" என்பதுதான் முதல் கேள்வி. அந்த வேலை பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அதனால் நாமும் நம்மைக் கேட்டுக்கொள்வதில்லை.

எட்கர் ஷைன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதைக் கேட்டார். எம்.ஐ.டி.யின் ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியில் 1960களின் தொடக்கத்தில் படித்த 44 பேரை, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் சந்தித்துப் பேசினார். எந்த வேலையை ஏன் விட்டீர்கள், எதை ஏன் ஏற்றீர்கள் என்று விசாரித்தார். பதில்களில் ஒரு ஒழுங்கு இருந்தது. எத்தனை வேலை மாறினாலும் ஒவ்வொருவரிடமும் விட்டுக்கொடுக்க முடியாத ஒன்று இருந்தது. அதற்கு அவர் 'நங்கூரம்' என்று பெயர் வைத்தார். சிலருக்குத் தொழில்நுட்பத் திறமை, சிலருக்கு நிர்வாகம், சிலருக்குச் சுதந்திரம், சிலருக்கு நிலையான வேலை. பின்னாளில் இந்தப் பட்டியல் எட்டாக வளர்ந்தது.

நம் மாநிலத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. ஜோஹோ நிறுவனத்தின் ஸ்ரீதர் வேம்பு 2019இல் தென்காசி அருகே மத்தளம்பாறை கிராமத்துக்குக் குடிபெயர்ந்தார். 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பை விட்டு, தலைமை விஞ்ஞானி என்ற பொறுப்பை ஏற்று ஆராய்ச்சிப் பக்கம் போனார். பெரிய நாற்காலியை விட்டு விலகினார் என்று பார்க்காமல், எதை வைத்துக்கொண்டார் என்று பாருங்கள். கிராமமும் தொழில்நுட்பமும் கையில் இருந்தன. அவரிடம் பணம் இருந்தது, செய்தார் என்பீர்கள். உண்மை. அதனால்தான் நம்மைப் போன்றவர்கள் இன்னும் கவனமாகக் கணக்குப் போட வேண்டும்.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். எக்ஸெல் இருந்தால் திறந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் வரிசையில், மேலிருந்து கீழாக, உங்களுக்கு முக்கியமானவற்றை டைப் செய்யுங்கள். ஐந்து போதும். உதாரணத்துக்கு: சம்பளம், வீட்டருகே இருப்பது, புதிதாகக் கற்கும் வாய்ப்பு, நிலையான வேலை, நேரம் நம் கையில் இருப்பது.

இரண்டாவது வரிசையில் ஒவ்வொன்றுக்கும் மார்க் போடுங்கள். ஆனால் மொத்தம் 100க்கு மேல் போகக்கூடாது. இந்த நிபந்தனைதான் இதில் முக்கியம். பத்துக்கு இத்தனை என்று தனித்தனியாகப் போட்டால் எல்லோரும் எல்லாவற்றுக்கும் ஒன்பது போட்டுவிடுவார்கள். 100ஐப் பங்கு பிரிக்கும்போது ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைத்தே ஆக வேண்டும். கை தயங்கும் இடத்தில்தான் உங்கள் மனது தெரியும்.

ஒருவர் மேலே சொன்ன வரிசையில் 20, 30, 25, 15, 10 என்று போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் இரண்டு வேலைகள். பெங்களூரு வேலைக்குப் பத்துக்கு 9, 2, 8, 5, 4 என்றும், சேலம் வேலைக்கு 4, 9, 5, 6, 6 என்றும் மதிப்பிடுகிறார். பெருக்கிக் கூட்டினால் பெங்களூருக்கு 555, சேலத்துக்கு 625. இப்போது சம்பளத்தை 35 ஆக்கி, வீட்டருகே என்பதை 15 ஆக்குங்கள். பெங்களூருக்கு 660, சேலத்துக்கு 550. வேலைகள் மாறவில்லை, ஆள்தான் மாறினார். "பெங்களூரு நல்லதா, சேலம் நல்லதா?" என்று அடுத்தவரிடம் கேட்பதில் பயனில்லை என்பது இதனால்தான்.

விடை வந்ததும் மனது 'அடடா' என்றால் அதையும் கவனியுங்கள். மார்க் போட்டபோது அப்பாவுக்காகவோ மாமாவுக்காகவோ போட்டிருப்பீர்கள். அழித்துவிட்டு உங்களுக்காக ஒரு முறை போடுங்கள். ஆபர் லெட்டர் வருவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். வந்த பிறகு போட்டால், ஏற்கெனவே முடிவு செய்ததற்கு ஏற்றபடி கை தானாக மார்க்கை மாற்றும்.

கல்விக் கடன் இருப்பவர்கள் தவணையை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கிவிடும். அதைக் கட்டப் போதாத வேலையை முதலிலேயே தள்ளிவிட்டு, மிஞ்சியவற்றுக்கு மட்டும் மார்க் போடுங்கள். சம்பளம் என்றால் ஆபரில் போட்டிருக்கும் ஆண்டுத் தொகை அல்ல. பி.எப். உள்ளிட்ட பிடித்தங்கள் போக கைக்கு வரும் தொகையில் விடுதி வாடகையும் சாப்பாடும் கழித்த மீதிதான் ஒப்பிட வேண்டிய எண். புதியவர்களுக்கான சம்பளத்தில் இந்த மீதி பல நேரம் தலைகீழாகிவிடும்.

மார்க் போடும்போது இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: இந்த வசதி ஆபர் லெட்டரில் இருக்கிறதா, அல்லது ஒரு சர்க்குலரில் இருக்கிறதா? 2020இல் டி.சி.எஸ். நிறுவனம், 2025க்குள் எந்த நேரத்திலும் 25 சதவீத ஊழியர்கள் மட்டும் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று திட்டம் அறிவித்தது. 2023 அக்டோபரில் வாரம் ஐந்து நாளும் அலுவலகம் வரச் சொன்னது. 2025 ஜூலையில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000க்கும் மேற்பட்டவர்களைக் குறைக்கப் போவதாகவும் அறிவித்தது. நிறுவனத்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. 'வீட்டிலிருந்து வேலை', 'பெரிய கம்பெனி, நிலையான வேலை' என்பதற்கெல்லாம் பத்துக்குப் பத்து போடுகிறவர்கள் ஒன்றிரண்டைக் குறைத்துப் போட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பெங்களூரு, சென்னை மட்டும்தான் வழி என்று நினைத்துப் பட்டியல் போடுவதும் சரியல்ல. ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட் ஐ.டி. பூங்கா இருக்கிறது. 2024இல் கருப்பூர் பக்கம் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. வீ டெக்னாலஜிஸ் சேலத்திலேயே இயங்குகிறது. இங்கே வாய்ப்புகள் குறைவு, சம்பளமும் பெரும்பாலும் குறைவு, மறுக்கவில்லை. நாமக்கல்லில் லாரி பாடி பட்டறையோ, திருச்செங்கோட்டில் ரிக் வண்டியோ வீட்டில் இருந்தால் அதையும் ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். இன்ஜினியரிங் படித்துவிட்டுப் பட்டறைக்கா என்று ஊர் கேட்கும். சுதந்திரத்துக்கு 40 போட்டவருக்கு அந்த வரிதான் மேலே வரும்.

பட்டியலில் என்ன எழுதுவது என்று தெரியாதவர்கள், அமெரிக்கத் தொழிலாளர் துறையின் உதவியோடு நடக்கும் ஓநெட் ஆன்லைன் தளத்தைப் பார்க்கலாம். இலவசம், ஆனால் ஆங்கிலத்தில் இருக்கும். சாதனை, சுதந்திரம், அங்கீகாரம், உறவுகள், ஆதரவு, பணிச் சூழல் என்று ஆறாகப் பிரித்து, எந்த வேலையில் எது கிடைக்கும் என்று காட்டுகிறது. அதில் 'அம்மா அப்பாவுக்குப் பக்கத்தில்' என்று ஒரு வரி கிடையாது. நமக்கு வேண்டியதை நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பைலைச் சேமிக்கும்போது பெயரோடு மாதத்தையும் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த ஆண்டு பழையதைப் பார்க்காமல் புதிதாக ஒன்று போட்டு, பிறகு இரண்டையும் அருகருகே திறந்து ஒப்பிடுங்கள். மார்க் மாறியிருக்கும், கல்யாணம் ஆனால் நிச்சயம் மாறும். பென் டிரைவில் ஒரு காப்பியும் வைத்துக்கொள்ளுங்கள்.