ஒரு நீர்நிலைக்கு ஒரே படம்

பெருமுக்கல் குன்றினின்று கிழக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்களைக் காண்போம். அவற்றையடுத்துத் தெற்கே விரிந்து கிடப்பது கழுவேலி. வானூர், மரக்காணம் வட்டங்களிற் பரந்த அதன் 5,151.6 எக்டர் நிலத்தைத் தமிழ்நாட்டரசு 2021-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024-இல் அது ராம்சார் நிலங்களுள் ஒன்றாயிற்று.

அறிவித்தல் எளிது, எல்லை காத்தல் அரிது. வருவாய்த் துறையார் நிலத்தைப் புல எண்ணால் அறிவர். வனத் துறையார் செயற்கைக்கோள் வழிக் கருவியால் அளப்பர். நீரோ மழைக்கேற்ப விரிந்து சுருங்கும். இவற்றை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிக் காட்டுவதே புவியியல் தகவல் முறைமை. ஆயினும் வனத் துறைக்குள்ளேயே அலுவலகந்தோறும் வெவ்வேறு படம் இருப்பின் யாது பயன்? பழைய நில அளவைப் படங்களின் அடிப்படையும் இக்காலக் கருவிகளின் அடிப்படையும் வேறாதலின், மாற்றாது கலப்பின் கோடு நூறு மீட்டருக்கு மேல் விலகும். அவ்விலக்கத்தில் ஓர் ஏழையின் உப்புப்பாத்தி சரணாலயத்துள் விழலாம். நாரையின் இரைநிலம் வெளியே போகலாம். கழுவேலி, கழுவெளி என வழங்கும் இருவகைப் பெயரையும் கணினி இரண்டு நீர்நிலைகளாகவே கொள்ளும்.

ஆதலின் வரைவோர் பலராயினும், அளவுமுறையும் பெயரும் திருத்திய நாளும் ஒன்றுபடக் காக்கும் பொறுப்பு ஒருவரிடம் இருத்தல் வேண்டும். ஒருவர் கையிற் குவித்தால் வேலை தாமதமாகும் என்பாரும் உளர். வரைதலைக் குவிக்குமாறு நாம் கூறவில்லை. விதியையே ஒன்றாக்குமாறு கூறுகின்றோம். அப்படம் தமிழில் ஊராட்சி மன்றத்திலும் தொங்குதல் வேண்டும். அயலானின் எல்லைக்குறியைப் பெயர்த்தல் தகாதென்பது சத்திய வேதத்தின் கட்டளை. கல்லுக்குரிய அக்கட்டளை படத்திலுள்ள கோட்டுக்கும் உரியதென்பதே நம் துணிபு.