குட்டி கெக்கோ சாப்பிட மாட்டேங்குதா? தட்டைப் பார்க்காதீங்க, பெட்டியைப் பாருங்க!

மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள், குண்டு வால், எப்போதும் சிரிப்பது போன்ற வாய்... ரீல்ஸில் லெப்பர்ட் கெக்கோவைப் பார்த்துவிட்டு, 'நமக்கும் ஒண்ணு வேணுமே' என்று ஒருமுறையாவது நினைத்திருப்பீர்கள். வாங்கியும் இருக்கலாம். வாங்கிய முதல் வாரத்தில் வரும் கேள்வி ஒன்றுதான்: "சாப்பிடவே மாட்டேங்குது, என்ன பண்றது?"

உடனே ஆளுக்கொரு யோசனை வரும். பூச்சியை மாற்று, வாயைத் திறந்து ஊட்டு, பழம் வெச்சுப் பாரு என்பார்கள். பெரும்பாலும் பிரச்னை சாப்பாட்டில் இருப்பதே இல்லை. அது இருக்கும் பெட்டியில் இருக்கும், அல்லது அது உங்கள் கைக்கு வந்த வழியில் இருக்கும். இரண்டையும் பார்த்துவிடலாம்.

பாலைவனப் பல்லிக்கு நெய்யூர் செட் ஆகுமா?

நீங்கள் கன்னியாகுமரி மாவட்டம் நெய்யூரில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் தென்னை, வாழை, குளம். கொஞ்ச தூரத்தில் கடல். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம். மழை நாள்களில் துவைத்த துணி காய இரண்டு நாள் ஆகும்.

லெப்பர்ட் கெக்கோவின் பூர்வீகமோ ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் காய்ந்த பாறை நிலம். அதற்கு ஈரப்பதம் 30 முதல் 40 சதவிகிதம் இருந்தால் போதும். நெய்யூரில் மழைக்காலத்தில் 80 சதவிகிதத்தைத் தாண்டுவது சாதாரணம். ஈரமும் புழுக்கமும் தேங்கிய பெட்டியில் தோலிலும் நுரையீரலிலும் தொற்று வரும். மூச்சுவிடவே சிரமப்படும் குட்டி எப்படிச் சாப்பிடும்?

'சரி, ஈரத்தில் வாழும் கெக்கோவையே வாங்கிக்கிறேன்' என்று கிரெஸ்டட் கெக்கோ பக்கம் போனால் அங்கே வேறு சிக்கல். அழிந்தே போனதாக நினைக்கப்பட்டு, 1994-ல் நியூ கலிடோனியா தீவில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்ட பல்லி அது. நம் ஊர் ஈரம் அதற்குப் பிடிக்கும். ஆனால் 22 முதல் 26 டிகிரி செல்சியஸ்தான் அதற்கு வசதி. 28, 29-ஐத் தாண்டினால் துவண்டுவிடும். ஏப்ரல் மாதத்தில் கான்கிரீட் கூரைக்குக் கீழே இருக்கும் ரூம் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆக, ஒன்றுக்கு ஈரம் எதிரி, இன்னொன்றுக்கு வெயில் எதிரி. ரீலில் 30 விநாடி தெரியும் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு சின்ன வானிலை நிலையமே ஓடுகிறது. அதை உங்கள் வீட்டில் ஓட்ட முடியுமா என்பதுதான் முதல் கேள்வி.

சூடு இல்லையென்றால் பசி இல்லை

பல்லிக்கு நம்மைப் போல உடம்புக்குள் சூடு உற்பத்தி ஆகாது. தின்றது செரிக்கவே வெளியிலிருந்து வெப்பம் வேண்டும். வயிறு சூடாகவில்லை என்றால், உள்ளே போன பூச்சி செரிக்காமல் கிடக்கும். அதனால் கெக்கோ சாப்பிடுவதையே நிறுத்திவிடும். நாம் அதை அடம் என்கிறோம். உண்மையில் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி.

லெப்பர்ட் கெக்கோவுக்குப் பெட்டியின் ஒரு மூலையில் தரை வெப்பம் 31 முதல் 33 டிகிரி இருக்க வேண்டும். மறுமூலை 24 முதல் 26 வரை. சூடு வேண்டும்போது இங்கே, போதும் என்றால் அங்கே என்று அது தானே நகர்ந்துகொள்ளும். ஹீட் மேட் வாங்கினால் தெர்மோஸ்டாட்டும் சேர்த்து வாங்குங்கள். அது இல்லாத ஹீட் மேட் வயிற்றைச் சுட்டுவிடும். கையை வைத்துப் பார்த்து 'சூடாத்தான் இருக்கு' என்று முடிவெடுக்க வேண்டாம். தரையில் சென்சார் வைத்து அளவைப் பாருங்கள்.

ஒளிந்துகொள்ள குறைந்தது மூன்று இடம் வேண்டும். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, தோல் உரிக்க ஈரமாக ஒன்று. ஈர மறைவிடத்துக்கு ஒரு டப்பாவில் தேங்காய் நார்த்தூளை நனைத்துப் போட்டால் போதும். நம்ம மாவட்டத்தில் அதற்கா பஞ்சம்? பூஞ்சை பிடிக்காமல் அடிக்கடி மாற்றிவிடுங்கள். தரையில் மணல் வேண்டவே வேண்டாம். பூச்சியோடு சேர்த்து விழுங்கினால் குட்டியின் குடல் அடைத்துக்கொள்ளும். டிஷ்யூ பேப்பர் போதும்.

முதல் வாரம்: கையை எடுங்க!

புதிதாக வந்த குட்டியைத் தூக்கி வீடியோ எடுக்கத்தான் மனசு வரும். ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். அதன் கண்ணுக்கு நீங்கள் ஒரு பெரிய வேட்டை மிருகம். பயந்த பல்லி ஒளியும், ஒளிந்த பல்லி வேட்டையாடாது. தண்ணீர் மட்டும் மாற்றிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

முட்டையிலிருந்து வந்து சில நாளே ஆன குட்டி என்றால் இன்னும் பொறுமை வேண்டும். வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவே அதற்கு முதல் சாப்பாடு. மூன்று, நான்கு நாளில் முதல் தோலை உரித்த பிறகுதான் வேட்டையைத் தொடங்கும்.

இரண்டு குட்டிகளை ஒரே பெட்டியில் போட்டு, 'ஒண்ணுக்கொண்ணு துணை' என்று நினைக்க வேண்டாம். பெரியது சூடான இடத்தையும் சாப்பாட்டையும் பிடித்துக்கொள்ளும். சின்னது சத்தமில்லாமல் மெலியும்.

என்ன கொடுக்கலாம், எப்படிக் கொடுக்கலாம்?

லெப்பர்ட் கெக்கோ பூச்சி மட்டுமே தின்னும். வீட்டில் பாட்டி பாசத்தில் ஒரு பருக்கை சோறு, ஒரு துண்டு மாம்பழம் வைத்தால், அன்பாகச் சொல்லித் தடுத்துவிடுங்கள். கிரெஸ்டட் கெக்கோதான் பழக்கலவையைச் சாப்பிடும்.

- அளவு: பூச்சி, கெக்கோவின் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது.
- நேரம்: லெப்பர்ட் கெக்கோவுக்கு அந்தி மயங்கும் நேரம்தான் டிஃபன் டைம். நாம் வேடிக்கை பார்க்க வசதி என்று பகல் வெளிச்சத்தில் வைத்தால் தொடாது.
- அசைவு: அசையாத இரை அதன் கண்ணுக்கு இரையே இல்லை. முனை மழுங்கிய இடுக்கியில் பூச்சியைப் பிடித்து, முகத்துக்குச் சற்றுத் தள்ளி மெதுவாக ஆட்டுங்கள். மூக்கில் இடிக்காதீர்கள்.
- எண்ணிக்கை: குட்டிக்குத் தினமும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வளர்ந்த பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள்.
- மிச்சம்: தின்னாத கிரிக்கெட் பூச்சியை ராத்திரி பெட்டியிலேயே விட்டால், அது கெக்கோவைக் கடித்துவிடும்.

இரை எங்கே கிடைக்கும்? பறவைகள், அலங்கார மீன்கள் விற்கும் பெரிய கடைகளில் மீல்வோர்ம் கேட்டுப் பாருங்கள். ஒரு டப்பாவில் தவிடு, ஈரத்துக்கு ஒரு துண்டு கேரட் போட்டால், அதை வீட்டிலேயே பெருக்கலாம். ஆனால் வாழைத் தோட்டத்தில் பிடித்த வெட்டுக்கிளியைக் கொடுக்காதீர்கள். அது எந்த மருந்து அடித்த இலையைத் தின்றது என்று யாருக்குத் தெரியும்? வீட்டுக் கரப்பானும் அப்படித்தான். மின்மினியைக் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது. அதில் இருக்கும் நச்சு பல்லி இனங்களைக் கொன்றுவிடும்.

அடுத்தது சத்து. பூச்சியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. வெறும் பூச்சியைத் தின்று வளரும் குட்டி, தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உறிஞ்சும். தாடை ரப்பர் போல ஆகும், கால் வளையும், பிறகு கடிக்கவே முடியாது. அதனால், பூச்சிக்கு ஒருநாள் முன்பே காய்கறி கொடுத்து, கெக்கோவுக்கு வைக்கும்போது கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுக்க வேண்டும். அந்தக் கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும். அதற்குப் பொடியோ, ஊர்வனவற்றுக்கான யுவிபி விளக்கோ தேவை. வீட்டு டியூப்லைட் அந்த வேலையைச் செய்யாது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலும் செய்யாது. பொடி டப்பாவை இறுக மூடி வையுங்கள், நம்ம ஊர் ஈரத்தில் கட்டிபிடித்துவிடும்.

கண்ணை நம்பாதீங்க, தராசை நம்புங்க

'நல்லாத்தான் இருக்கு' என்பது அளவுகோல் ஆகாது. 0.1 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி, வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் எடை பார்த்து ஃபோனில் குறித்துவையுங்கள். பிறந்த லெப்பர்ட் கெக்கோ 3 கிராம் பக்கம் இருக்கும். ஒன்று, ஒன்றரை வருஷத்தில் 50 கிராமை எட்டும். வாரா வாரம் கொஞ்சம் ஏறினால் சரி. அப்படியே வாலையும் பாருங்கள். அதன் கொழுப்புச் சேமிப்பு அங்கேதான் இருக்கிறது. வால் குச்சியாகிறது என்றால் சேமிப்பு கரைகிறது என்று அர்த்தம்.

தோல் உரிக்கும் நேரத்தில் இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பது சகஜம். ஆனால், வெப்பம் சரி, இடம் சரி, அப்படியும் ஒரு வாரமாகத் தொடவில்லை, எடையும் இறங்குகிறது என்றால் டாக்டரிடம் போக வேண்டும். வாயைப் பிளந்து ஊட்டுவதை வீட்டில் முயல வேண்டாம். தாடை முறியும், உணவு மூச்சுக்குழாய்க்குப் போகும்.

இங்கேதான் ஊரைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். 1838-ல் தொடங்கிய மிஷன் மருத்துவமனை இருக்கும் ஊர் நெய்யூர். எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற டாக்டர் சாமர்வெல், பல வருஷம் அறுவை சிகிச்சை செய்த ஊர். மனிதர்கள் எங்கிருந்தெல்லாமோ வைத்தியம் தேடி வந்த இடம் அது. ஆனால், 3 கிராம் பல்லிக்கு வைத்தியம் தேடி நீங்கள் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி வரைக்கும் போக வேண்டியிருக்கலாம். ஊர்வனவற்றைப் பார்க்கும் டாக்டர் யார் என்று விசாரித்து, நம்பரை ஃபோனில் சேமித்த பிறகு கெக்கோவை வாங்குங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அது எங்கிருந்து வந்தது?

எல்லாம் சரியாகச் செய்தும் சில குட்டிகள் தேறுவதில்லை. அதற்கான காரணம் உங்கள் வீட்டுக்கு வெளியே இருக்கலாம்.

2023 ஜூலையில், மலேசியாவிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு வந்த ஒரு பயணியின் பெட்டிக்குள் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் இருந்தன. 2022 ஆகஸ்ட்டில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் பாம்புகள், ஆமைகள், ஒரு குரங்கு. துணிக்கு நடுவே, டப்பாவுக்குள், தண்ணீர் இல்லாமல் பல மணி நேரம் பயணம் செய்கிற உயிர்கள் இவை. அப்படி வந்த குட்டி, உடம்பில் நீர் வற்றி, குடலில் ஒட்டுண்ணியோடு உங்கள் கைக்கு வரும். அதன் முன்னால் எத்தனை பூச்சி வைத்தாலும் அது எப்படித் தின்னும்?

அரசு சும்மா இருக்கிறதா என்றால், இல்லை. 2022-ல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், சைட்டீஸ் பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களையும் உள்ளே கொண்டுவந்தது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, அவற்றை வைத்திருப்பவர்கள் பரிவேஷ் 2.0 தளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. குட்டி பிறந்தாலும், இருப்பது இறந்தாலும் தெரிவிக்க வேண்டும்.

எல்லா கெக்கோவும் ஒரே பட்டியலில் வராது. உதாரணத்துக்கு, நம் வடகிழக்கு மாநிலங்களில் வாழும் டோக்கே கெக்கோ, 2019-ல் சைட்டீஸ் பட்டியலில் சேர்ந்தது. இந்தியச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்தால் வழக்கு, ஜெயில்தான். லெப்பர்ட் கெக்கோவின் சொந்தக்காரர்களும் இந்தியக் காடுகளில் இருக்கிறார்கள். அதனால், 'கெக்கோதானே தம்பி, ஒண்ணும் ஆகாது' என்று விற்பவர் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். எந்த இனம், எங்கே பிறந்தது, இறக்குமதி என்றால் அனுமதி எங்கே என்று கேளுங்கள். பேப்பர் கொடுக்க முடியாதவரிடம் வாங்காதீர்கள். சந்தேகம் இருந்தால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகத்தில், இனத்தின் பெயரைச் சொல்லி, வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

விதி பதிவைக் கேட்கிறது, நல்லதுதான். ஆனால் உங்கள் பெட்டியின் வெப்பம் எத்தனை டிகிரி, கால்சியம் கொடுக்கிறீர்களா என்று எந்தத் தளமும் கேட்காது. அந்த இடைவெளியில்தான் குட்டிகள் சாகின்றன. அதை நிரப்ப வேண்டியது வாங்குகிற நீங்கள்தான்.

வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு

நன்றாக வளர்ந்தால் லெப்பர்ட் கெக்கோ 15, 20 வருஷம் வாழும். இப்போது நீங்கள் காலேஜ் முதல் வருஷம் என்றால், உங்கள் வேலை, வெளியூர், கல்யாணம் எல்லாவற்றிலும் அது கூடவே வரும். நீங்கள் சென்னைக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போனால், அந்தி நேரத்தில் புழுவை இடுக்கியில் பிடித்து ஆட்டப்போவது யார்? அம்மாவா? அவரிடம் முதலில் கேட்டீர்களா? வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே குழந்தையோ, வயதான பாட்டியோ இருந்தால், ஊர்வன மூலம் சால்மோனெல்லா கிருமி பரவும் என்பதையும் கணக்கில் சேருங்கள். தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி ஓரமாக வையுங்கள். தரை வெப்பத்தை அளந்து, மறைவிடத்தைச் சரிசெய்து, விளக்கை அணைத்துவிட்டு ரூமை விட்டு வெளியே வாருங்கள். நாளைக்கு அந்தியில் ஒரே ஒரு சின்னப் பூச்சியோடு போய்ப் பாருங்கள்.

இன்னும் வாங்கவில்லை, மேலே சொன்ன கணக்கும் ஒத்துவரவில்லை என்றால் வருத்தப்பட வேண்டாம் மக்களே. ராத்திரி டியூப்லைட் பக்கத்தில் சுவரை நிமிர்ந்து பாருங்கள். ஈசலைக் குறிவைத்து ஒருவர் அசையாமல் நிற்பார். அவரும் கெக்கோ குடும்பம்தான். ஹீட் மேட் வேண்டாம், கால்சியம் பொடி வேண்டாம். பிடித்துப் பெட்டியில் மட்டும் போடாதீர்கள், அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொள்வார்.